திருகோணமலையில் காணி விற்க வீடியோ: பார்ப்பவர்கள் நிறைய, வாங்குபவர் எங்கே?

அலஸ்தோட்டம்_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் காணி, வீடு பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அப்பாவின் காலத்தில் தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வாசலிலும் விசாரித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இப்போது காணி வாங்க நினைப்பவர் முதலில் போனைத்தான் பார்க்கிறார், அதனால் நானும் பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் வீடியோ போடுகிறேன். உப்புவெளிக் காணி ஒன்றைக் கடலோடு சேர்த்து மேலிருந்து எடுத்து, பின்னால் இசை சேர்த்துப் போட்டால் பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. "விலை என்ன", "இன்பொக்ஸ் வாங்கோ" என்று கீழே வரிசையாக எழுதுகிறார்கள், ஆனால் காணியைப் பார்க்க வருகிற ஆள் இல்லை. இந்தத் தொழிலை என் பெயரிலேயே வளர்க்க ஆசை. முகம் காட்டிப் பேசவேண்டுமா, விலையைப் போடலாமா, சனலுக்கு என்ன பெயர் வைப்பது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை:
கூப்பிட்டவர்களில் யாராவது உறுதியைப் பற்றி, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டார்களா? அதைக் கேட்பவர்தான் வாங்குகிற ஆள். மற்றவர்கள் கடலைப் பார்க்க வந்தவர்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அவர்களை வைத்துத் தொழிலைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நிலாவெளி_ரோட்டு:
தம்பி, காசோடு காணி தேடுபவர்கள் இங்கே யார் என்பதில் இருந்து தொடங்குங்கள். டவுனுக்குள் வீடு தேடி வருவது பெரும்பாலும் மூதூர், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கத்துக் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காக. கோணேஸ்வரா இந்துவுக்கும் சண்முகாவுக்கும் எவ்வளவு தூரம், மழை நேரம் ஒழுங்கைக்குள் ஓட்டோ வருமா என்பதுதான் அவர்களின் கேள்வி. உப்புவெளி, நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் போட வருபவர் கொழும்பு, கண்டிப் பக்கம். அவருக்கு ரோட்டு அகலமும் தண்ணீரும் கரையோர அனுமதியும் தெரியவேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலில் இருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி எடுக்கவேண்டும், இதைச் சொல்லாமல் "பீச் சைட்" என்று மட்டும் சொல்லி எடுக்கும் வீடியோவால் யாருக்கும் பயனில்லை. மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள். வீடியோவை முழுவதும், திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் நினைத்தவுடன் வந்து பார்க்க வழியில்லை. இங்கே உள்ள சொந்தக்காரரை அனுப்பினால் அவர் "நல்ல காணிதான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இந்த மூன்று பேருக்கும் தெரியவேண்டிய எதுவும் மேலிருந்து எடுத்தால் தெரியாது.

நான் எடுப்பது இப்படி. மெயின் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் நின்று தொடங்கி, வெட்டாமல் ஒழுங்கைக்குள் நடந்துகொண்டே போவேன். ஒழுங்கை வாசலில் டேப்பை இழுத்துப் பிடித்து இலக்கம் தெரியக் காட்டுவேன், பன்னிரண்டு அடி என்று வாயால் சொல்லி நம்பச் சொல்லத் தேவையில்லை. பிறகு எல்லைக்கல் நாலையும் புல்லை விலக்கி ஒவ்வொன்றாகக் காட்டுவேன். நில அளவைப் படத்தில் இருக்கிற கல் நிலத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லிவிடுவேன், நில அளவையாளரைக் கூப்பிட்டு மறுபடி போடுவிக்கவேண்டும் என்றும் சொல்வேன். கிணறு இருந்தால் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வேன். கடலுக்குக் கிட்டவான சில வளவுகளில் ஆவணித் தண்ணீரின் ருசி வேறு, தைமாதத் தண்ணீரின் ருசி வேறு, ஆகவே எந்த மாதம் எடுத்த வீடியோ என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மாரி. ஆடி ஆவணியில் காய்ந்து வெள்ளை மணலாகக் கிடக்கும் பள்ளக் காணி கார்த்திகை, மார்கழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும், இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வீடியோவில் மட்டும் யாரும் சொல்வதில்லை. என் கையில் விற்பனைக்கு இருக்கும் காணிகளுக்கு மழை ஓய்ந்த அடுத்த நாள் காலையிலேயே போய் ஒரு நிமிடமாவது எடுத்து வைத்துக்கொள்வேன். தண்ணீர் நின்றால் அது எந்தப் பக்கம், வடிந்து போக வழி உண்டா, நிரப்ப எத்தனை லோட் கிரவல் வரும் என்று அந்த இடத்தில் நின்றே சொல்வேன். சொந்தக்காரர் முகம் சுளிப்பார்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுபவர் "கடைசி விலை என்ன" என்று தொடங்குவதில்லை, "உறுதி யாருடைய பெயரில்" என்று தொடங்குவார். முகம் காட்டுவது, பெயர் எடுப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான். முதலில் நீங்கள் சொல்வது உண்மை என்று நாலு பேர் அறியவேண்டும், பிறகு அது எந்த முகம் என்று அவர்களே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஸ்காபரோவில்_இருந்து:
நான் வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். அம்மாவின் ஊர் சாம்பல்தீவு, அந்தப் பக்கம் ஒரு காணி வாங்கவேண்டும் என்று இங்கே கனடாவில் இரவு இரவாக வீடியோ பார்த்திருக்கிறேன். ஒரே காணி மூன்று சனலில் மூன்று விலைக்கு இருக்கும். ஒருவர் கடலுக்கு ஐந்து நிமிடம் என்பார், மற்றவர் இரண்டு நிமிடம் என்பார், எங்கிருந்து நடக்கத் தொடங்கினார் என்று இரண்டு பேரும் காட்டமாட்டார்கள்.

ஒருவரை மட்டும் மறக்கவில்லை. எனக்குப் பிடித்த ஒரு காணியைப் பற்றி அவரிடம் கேட்டபோது "அண்ணா, அது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது, பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, நீங்கள் அங்கே இருந்துகொண்டு அதில் மாட்டவேண்டாம்" என்று குரல்பதிவு அனுப்பினார். அவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அடுத்த முறை காணி பார்க்க நினைத்தபோது நான் வேறு யாரையும் தேடவில்லை, மச்சானுக்கும் அவருடைய இலக்கத்தைத்தான் கொடுத்தேன்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். மனைவியின் ஆட்கள் யாழ்ப்பாணம், பரப்பில்தான் கேட்பார்கள், நீங்கள் பேர்ச்சில் சொல்கிறீர்கள். 10 பேர்ச் ஒரு பரப்பு, 160 பேர்ச் ஒரு ஏக்கர் என்று திரையில் ஓரமாக எழுதி விடுங்கள். அப்புறம், நேரலை வருவதென்றால் உங்கள் சனிக்கிழமை மாலை 6.30க்கு வாருங்கள். கோடைகாலத்தில் எங்களுக்கு அது காலை 9 மணி, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்கலாம். காணி வாங்குவது ஒருவர் எடுக்கும் முடிவு இல்லை.

நொத்தாரிசு_கந்தோர்:
தொழில் இரகசியம் எதையும் நான் சொல்லப்போவதில்லை, ஆனால் இந்த வீடியோக்களைப் பார்த்து நெஞ்சு பதறுவதால் எழுதுகிறேன்.

உறுதியைக் கமராவுக்குக் காட்டாதீர்கள். அதில் ஆட்களின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. கள்ள உறுதி முடிப்பவனுக்கு நீங்களே பிரதி எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடும். வீடியோவில் சொல்லவேண்டியது அது என்ன வகை என்பதை: அறுதி உறுதியா (முழு விற்பனை), நன்கொடையா, அரசாங்க அளிப்பா, பெர்மிட்டா. உண்மையாக வாங்க நினைப்பவர் கேட்டால் அவருக்கு உறுதி எழுதும் நொத்தாரிசுக்குப் பிரதியை அனுப்புங்கள்.

"கிளியர் உறுதி" என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி பாவிக்கவேண்டாம். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது பின்னோக்கித் தேடிப் பார்த்தவர்தான் அதைச் சொல்லலாம். எங்கள் மாவட்டத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆட்கள் இடம்பெயர்ந்து போய், திரும்பி வரும்போது அவர்களின் காணியில் வேறு குடும்பங்கள் இருந்தன. பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை என்று சட்டம் இருப்பதால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. குச்சவெளிப் பக்கம் வன இலாகா, தொல்பொருள் திணைக்களம் எல்லை போட்ட இடங்களும் இருக்கின்றன, பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் அந்தக் காணிகளை வீடியோவில் ஏற்றவேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்கு இங்கே காணியை அறுதியாக எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் எங்கள் ஆளாக இருந்தாலும் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். இதைப் பேரம் முடிந்து முற்பணமும் கொடுத்த பிறகு எங்கள் கந்தோருக்கு வந்து கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள், தம்பி. கடைசியாக, வட்ஸ்அப்பில் பேசி முற்பணம் வாங்குவது. நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னால் எழுத்தில் முடிக்காத காணி விற்பனை செல்லாது, 1840ஆம் ஆண்டில் இருந்தே அதுதான் சட்டம்.

அலஸ்தோட்டம்_தம்பி:
எல்லோருக்கும் நன்றி, குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு பிரச்சினை. நிலாவெளி ரோட்டு அண்ணா சொல்கிற மாதிரி மெயின் ரோட்டில் இருந்து ஒழுங்கை வரை காட்டினால், அடுத்த நாளே வேறு புரோக்கர் அந்த வளவில் நிற்பார். வாங்குபவரும் நேரே போய்ச் சொந்தக்காரரோடு பேசிவிடுவார். எங்கள் பக்கம் கமிஷன் இரண்டு மூன்று வீதம்தான், அதுவும் போனால் பெற்றோல் காசு கூட மிஞ்சாது.

சீனன்குடா:
அதனால்தான் இடத்தைக் காட்டக்கூடாது என்கிறேன். கடலையும் காணியையும் காட்டு, இடத்தை நேரில் வந்தால் சொல்லு. எல்லாப் புரோக்கர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கிண்ணியாப்_பாலம்:
எல்லோரும் அப்படிச் செய்வதால்தானே யாரையும் யாரும் நம்புவதில்லை. தம்பி, இரண்டு வீடியோ எடுங்கள். ஒன்று எல்லோருக்கும்: ஊர், காணியின் அளவு, கிணறு, மதில், விலை. மற்றது நீளமானது: ஒழுங்கை, எல்லைக்கல், அக்கம் பக்கம். யூடியூப்பில் அதை லிங்க் கிடைத்தவர் மட்டும் பார்க்கிற வகையில் ஏற்றலாம், கூப்பிட்டுப் பேசி, யார் எவர் என்று அறிந்த பிறகு அனுப்புங்கள். லிங்க்கை அவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம்தான், ஆனால் கொடுக்கப் போவது பெரும்பாலும் தன் தம்பிக்கோ மாமனாருக்கோ, அது உங்களுக்கு நல்லது. சொந்தக்காரரிடம் கமிஷனையும் எத்தனை மாதத்துக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சில் நின்றுகொண்டு வீடியோவில் ஒளித்து விளையாடினால் தொழில் நிற்காது.

அலஸ்தோட்டம்_தம்பி:
நானா, எழுத்தில் கேட்டால் சொந்தக்காரர் நம்பவில்லையா என்று கோபிக்கிறார்களே.

கிண்ணியாப்_பாலம்:
கோபிப்பார்கள். அந்தக் கடிதத்தில் அவருக்கும் ஏதாவது இருக்கவேண்டும். வீட்டு ஆட்களின் முகம் வராது, உறுதி வெளியே போகாது, விற்றதும் வீடியோவில் இருந்து விலை எடுக்கப்படும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவரும் எழுதித் தருவார்.

பாலையூற்று:
நானும் இதே தொழில், பெண். முகம் காட்டுவது பற்றிக் கேட்டீர்கள். தொடங்கும்போது வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், கீழே என்னென்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்படியான சொற்களை யூடியூப்பில் முன்கூட்டியே தடுத்துவைக்கலாம், செய்துவைத்தேன். தொழிலுக்குத் தனி இலக்கம், இரவு 8 மணிக்குப் பிறகு எடுப்பதில்லை, அதையும் வீடியோவிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் முகம் காட்டியதால் வந்தவர்கள் யார் என்றால், கணவரை இழந்த அம்மாக்கள், பிள்ளைகள் வெளியே இருக்கத் தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆண் புரோக்கர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வளவுக்குள் வருவது அவர்களுக்குப் பயம். "உங்களை வீடியோவில் பார்த்தேன் பிள்ளை, நீங்களே வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். வாங்குபவரை மட்டும் யோசிக்காதீர்கள். நல்ல காணி கைக்கு வருவது விற்பவர் நம்பினால்தான், அவரும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறார்.

எல்லா வீடியோவிலும் எதையாவது விற்கவேண்டியதில்லை. அதிகம் பேர் கேட்டு வந்தது, உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை பற்றி நான் போட்ட சின்ன வீடியோவுக்குத்தான். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம், 50 இலட்சக் காணி என்றால் 1,99,000 ரூபா, வாங்குபவர் அதைத் தனியாக எடுத்துவைக்கவேண்டும். காணியின் விலையை மட்டும் கணக்குப் பார்த்து, கடைசி நேரத்தில் நகை அடகு வைத்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். சோலைவரி (வீட்டு வரி) எப்படிப் பெயர் மாற்றுவது, தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க வெளிநாட்டில் இருந்து அற்றோர்னித் தத்துவம் எப்படி எழுதி அனுப்புவது, இவற்றைச் சொல்லுங்கள். அந்த ஆட்கள் ஒரு வருடம் கழித்துக்கூட உங்களைத் தேடி வருவார்கள்.

கமராக்காரன்:
நான் கலியாண வீடியோ எடுப்பவன், இடைக்கிடை காணிக்கும் கூப்பிடுகிறார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் உப்புவெளிக் கரையில் நின்று பேசினால் பேச்சு ஒன்றும் விளங்காது, பஞ்சு உறை போட்ட சின்ன மைக் ஒன்றைச் சட்டையில் குத்துங்கள். நல்ல கமரா இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள், சத்தம் சரியில்லாவிட்டால் போய்விடுவார்கள். கரை கிழக்கே பார்த்தபடி, காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் முகம் கறுத்துவிடும், பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வெயில் கமராவுக்குப் பின்னால் போய்விடும், அப்போது எடுங்கள். உட்துறைமுகப் பக்கம் இதற்கு எதிர்மாறு.

ட்ரோன் விஷயத்தில் கவனம். இது கடற்படைத் தளம் உள்ள ஊர், சீனன்குடாவில் விமானப்படை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் தூக்கவேண்டாம். தேவையென்றால் பக்கத்து மாடி வீட்டு மொட்டை மாடியில் கேட்டு ஏறி எடுங்கள், போதும்.

தலைப்பு "கனவு இல்லம்" என்றெல்லாம் வைத்தால் தேடுபவரின் கண்ணில் படாது. "நிலாவெளி 20 பேர்ச் காணி, நல்ல தண்ணீர்" என்று ஆட்கள் தேடுகிற மாதிரி வையுங்கள். கீழே விபரத்தில் ஊரின் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், கண்டிக்காரர் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடுவார். டிக்டொக்கில் சின்னத் துண்டு, யூடியூப்பில் முழுவதும். விற்ற பிறகு வீடியோவை அழிக்காமல் தலைப்பில் "விற்றாயிற்று" என்று சேர்த்துவிடுங்கள், புதிதாக வருபவர் அதையெல்லாம் பார்த்துத்தான் உங்களை அளப்பார்.

அன்புவழிபுரம்:
விலை போடுவது பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. நான் இங்கேயே பிறந்தவன், அரசாங்கச் சம்பளம். ஒரு வீடியோவில் வெளிநாட்டுக்காரர் கொடுக்கிற விலையைச் சொல்கிறீர்கள், அடுத்த நாளே அந்த ஒழுங்கையில் உள்ள எல்லோரும் அதே விலை கேட்கிறார்கள். நாங்கள் எங்கே வாங்குவது? உங்கள் வீடியோவால் ஊர்க்காரர் ஊருக்கு வெளியே போகவேண்டி வருகிறது. இதையும் யோசியுங்கள்.

சீனன்குடா:
அதைப் புரோக்கரிடம் கேட்டு என்ன பயன்? கொடுக்கிறவர் இருக்கும்வரை கேட்பார்கள்.

நிலாவெளி_ரோட்டு:
அன்புவழிபுரத்துத் தம்பி சொல்வது சரி, தட்டிக்கழிக்கக் கூடாது. விலை ஏறுவது விலையைச் சொல்வதால் மட்டும் வருவதில்லை, சொல்லாமல் விடுவதால்தான் அதிகம். "விலை இன்பொக்ஸில்" என்று போட்டுவிட்டு, பவுண்ஸ் வைத்திருப்பவருக்கு ஒன்று, ரூபா வைத்திருப்பவருக்கு ஒன்று சொல்கிறார்கள், சொந்தக்காரருக்குப் போவது இன்னொன்று. நான் சொந்தக்காரர் கேட்கும் விலையையே போடுவேன், எல்லோருக்கும் ஒரே விலை. அதே பக்கத்தில் அண்மையில் உறுதி முடிந்த விலை தெரிந்தால், அவர் கேட்பது கூட என்று சொந்தக்காரரிடமே சொல்லிவிடுவேன். அதனால் சில காணிகள் என் கைக்கு வராது, பரவாயில்லை. டவுனை அண்டிய சின்னத் துண்டுகள் வந்தால் வீடியோ போடமுன் இங்கே இருப்பவர்களுக்கு ஒரு கிழமை வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புகிறேன். நீங்களும் இலக்கத்தை அனுப்புங்கள் தம்பி, சேர்த்துவிடுகிறேன்.

அன்புவழிபுரம்:
அனுப்புகிறேன் அண்ணா. எல்லோரும் அப்படிச் செய்தால் எங்களுக்கு ஒரு வழி பிறக்கும்.

அலஸ்தோட்டம்_தம்பி:
சரி, நான் முடிவு செய்தது இது. சனல் என் சொந்தப் பெயரில், முகம் காட்டித்தான். இசை வேண்டாம். கையில் இருக்கும் மூன்று காணியையும் டேப்போடு போய் மறுபடி எடுக்கப்போகிறேன், மாரிக்கு இன்னொரு முறை. ஒரு காணி நாலு சகோதரங்களின் பெயரில் இருக்கிறது, இங்கே இருக்கிற அண்ணன்தான் விற்கச் சொல்லித் தந்தார். அவர் ஒருவரின் கடிதத்தோடு வீடியோ போடலாமா?

நொத்தாரிசு_கந்தோர்:
போடவேண்டாம். நாலு பேரும் உரித்தாளர்கள் என்றால் நாலு பேரின் சம்மதமும் வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் தங்கை யூடியூப்பில் பார்த்துத்தான் அப்பாவின் காணி விலைக்கு வந்ததை அறிந்தாள் என்றால் அந்தக் குடும்பம் உடைந்துவிடும், உறுதியும் முடியாது. அண்ணனிடம் சொல்லி ஒரு வட்ஸ்அப் குழுவில் நாலு பேரையும் சேருங்கள், குறைந்த விலை என்ன, வீடியோ போடலாமா என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். பிறகு வெளியே இருப்பவர்கள் அற்றோர்னித் தத்துவம் அனுப்பட்டும். அது வந்தபின் எடுங்கள், மற்ற இரண்டு காணியில் இருந்து தொடங்குங்கள்.

அலஸ்தோட்டம்_தம்பி:
விளங்குகிறது ஐயா. நாளைக்கே அண்ணனோடு பேசுகிறேன்.